கடையடைத்துக் காத்திருந்தவர்கள்

கடவுளின் குரலைக் கேட்க அமைதியான நேரம் கிடைப்பதில்லை என்று ஏங்காத பக்தர்கள் இன்று குறைவு. அவர்களுக்குச் சொல்லப்படும் ஆலோசனைகளும் நமக்குப் பழகியவைதான். அரை மணி முன்னதாக எழுந்திருங்கள், கைபேசியைத் தள்ளி வையுங்கள், வீட்டில் ஒரு மூலையைத் தியானத்துக்கென்று ஒதுக்குங்கள் என்கிறார்கள். எல்லாமே நல்ல ஆலோசனைகள். ஆனால் எல்லாமே தனி ஒருவரின் மன உறுதியை நம்பி நிற்பவை. உறுதி தளர்ந்த வாரத்தில் அந்த அரை மணி நேரமும் போய்விடுகிறது. கூடவே குற்ற உணர்வு வந்து உட்கார்ந்துகொள்கிறது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நெசவாளர்களும் குடியானவர்களும் கடைக்காரர்களுமாகச் சேர்ந்த குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இந்தச் சிக்கலை வேறு பக்கத்திலிருந்து அணுகினார்கள். இறைவனுக்காகக் காத்திருக்கும் நேரம் வேலை முடிந்தபின் மிஞ்சும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. வேலை நேரத்திலேயே அதை வெட்டி எடுத்தார்கள்; எடுத்ததைக் காக்கும் பொறுப்பைச் சபை முழுவதற்கும் கொடுத்தார்கள்; அதற்காகத் தொழிலின் அளவையே கேள்விக்கு உட்படுத்தினார்கள். அந்த ஏற்பாடு இருந்தவரை மௌனம் நிலைத்தது, அது தளர்ந்த இடத்தில் மௌனமும் தளர்ந்தது என்பதே அவர்கள் வரலாற்றிலிருந்து நான் எடுக்கும் முடிவு.

இந்த வழக்கத்தின் தொடக்கம் அமைதியான காலத்தில் நிகழவில்லை. 1640களில் இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் சிதறிக் கிடந்தது. மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த சண்டையோடு, எது மெய்யான திருச்சபை என்ற சண்டையும் தெருத்தெருவாக நடந்தது. லெஸ்டர்ஷைரில் ஃபென்னி டிரேட்டன் என்ற சிற்றூரில் 1624இல் ஒரு நெசவாளரின் மகனாகப் பிறந்து, செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் தொழில் பழகிய ஜார்ஜ் ஃபாக்ஸ், 19 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பினார். போதகர் போதகராகப் போய்க் கேட்டும் மனம் ஆறவில்லை. மனிதர் யாரும் உதவ முடியாது, கிறிஸ்துவே நேரில் பேசக் கூடியவர் என்ற தெளிவு 1647 வாக்கில் அவருக்கு வந்தது. 1652இல் அவர் வடக்கே போனபோது, வெஸ்ட்மோர்லாந்து மலைப்பகுதியில் ஏற்கனவே ஒரு கூட்டத்தார் இருந்தனர். இருக்கிற சபைகள் எதிலும் நிறைவு காணாமல், பிரசங்கம் ஓயும் இடங்களில் பேசாமல் உட்கார்ந்து இறைவன் வழிகாட்டக் காத்திருந்தவர்கள் அவர்கள். ஃபர்பேங்க் குன்றின் மேல் நின்று ஃபாக்ஸ் பேசியதைக் கேட்க ஆயிரம் பேர் அளவில் திரண்டனர். மௌனமாகக் காத்திருக்கும் பழக்கம் அவர்களிடமிருந்தும், அந்த மௌனத்தில் பேசுபவர் யார் என்ற உறுதி ஃபாக்ஸிடமிருந்தும் குவேக்கர்களுக்கு வந்து சேர்ந்தன. சண்டையும் வாதமும் காதை அடைத்த காலத்தில் பிறந்த வழிபாடு இது. உலகம் அடங்கட்டும், பிறகு கேட்கலாம் என்று அவர்கள் நினைத்திருந்தால் ஆயுள் முழுதும் காத்துக்கொண்டே இருந்திருப்பார்கள்.

குவேக்கர்களின் வழிபாட்டுக் கூடுகை நடக்கும் விதம் மிக எளியது. பலிபீடம் இல்லை, பிரசங்க மேடை இல்லை, பாட்டும் இல்லை. வெறும் சுவர்களுக்கு நடுவே பெஞ்சுகள். அவற்றில் ஆண்களும் பெண்களும் வந்து அமர்வார்கள். யாரும் தொடங்கி வைப்பதில்லை, அமர்ந்ததே தொடக்கம். இறைவன் ஒரு சொல்லைத் தந்து எழுப்புகிறார் என்று உணர்பவர் எழுந்து பேசலாம். அவர் நிலக்கிழாராக இருக்கலாம், வீட்டு வேலை செய்யும் பெண்ணாகவும் இருக்கலாம். பேசி முடித்ததும் மறுபடி மௌனம். ஒரு சொல்லும் எழாமலேயே கூடுகை முடிவதும் உண்டு. அதை யாரும் வீணான வேளையாகக் கருதவில்லை. மூப்பர்கள் கைகுலுக்கிக்கொண்டால் கூடுகை முடிந்தது என்று பொருள். இதற்கு இறையியல் விளக்கம் எழுதிய ராபர்ட் பார்க்ளே, 1676இல் லத்தீனில் வெளிவந்த தன் நூலில், வாதங்களால் வெல்லப்பட்டு வந்தவரில்லை தாம் என்றும், இந்த மௌனக் கூட்டங்களில் அமர்ந்தபோது தன்னுள் தீமை தளர்ந்து நன்மை எழுவதை உணர்ந்தே வந்ததாகவும் சொல்கிறார். கற்றறிந்த ஒரு இறையியலாளர் தன் விசுவாசத்துக்கு இப்படிக் காரணம் சொல்வது கவனிக்கத் தக்கது. தனியறையில் நிகழ்ந்ததாக அவர் சொல்லவில்லை. பிறர் அமர்ந்திருக்கும் இடத்தில் தானும் போய் அமர்ந்ததால் நிகழ்ந்தது அது.

ஞாயிறு ஒருநாள் மட்டும் இப்படி அமர்ந்திருந்தால் மற்றச் சபைகளிலிருந்து இவர்கள் பெரிதும் வேறுபட்டிருக்க மாட்டார்கள். வாரத்தின் நடுவிலும் ஒரு நாள், பகல் வேளையில், கூடுகை வைத்தார்கள். கடையில் வாடிக்கையாளர் நிற்கிற நேரம், வயலில் வெயில் கிடைக்கிற நேரம், தறி ஓடுகிற நேரம் அது. பொழுது சாய்ந்தபின் சோர்ந்த உடம்போடு வரும் நேரத்தை இறைவனுக்கு ஒதுக்காமல், காசு பண்ணக்கூடிய நேரத்தையே ஒதுக்கினார்கள் என்பதில்தான் இந்த வழக்கத்தின் கனம் இருக்கிறது. கடைக்காரர் கதவைச் சாத்திவிட்டுப் போவார், அல்லது கடையை வேறொருவர் கையில் விட்டுப் போவார். எதிர்க்கடைக்காரர் அந்த நேரத்தில் வியாபாரம் பண்ணிக்கொண்டிருப்பார். இழப்பு ஊரறிய நடந்தது. ஒருவர் மட்டும் தனியாக இதைச் செய்ய முயன்றிருந்தால் மூன்றாவது வாரமே ஏதாவது அவசர வேலை வந்து தடுத்திருக்கும். தெருவில் உள்ள குவேக்கர் கடைகள் எல்லாம் ஒரே வேளையில் ஓயும்போது, போகாமல் இருப்பதற்குத்தான் காரணம் தேட வேண்டியிருந்தது.

அரசு இந்தக் கூடுகைகளை உடைக்கப் பார்த்தது. 1662இல் வந்த சட்டம், 16 வயதும் அதற்கு மேலும் ஆன குவேக்கர்கள் ஐந்து பேரோ கூடுதலாகவோ வழிபாட்டுக்குக் கூடுவதைக் குற்றமாக்கியது. அபராதம், சிறை, இறுதியில் கடல்கடந்த நாடுகடத்தல் என்று தண்டனை ஏறிக்கொண்டே போனது. 1664இல் இன்னொரு சட்டம் மற்றப் பிரிவினரையும் சேர்த்து இறுக்கியது. ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். காற்றில்லாத கொட்டடிகளில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். 1670இல் லண்டன் கிரேஸ்சர்ச் தெருவில் கூடுகை இல்லத்தைப் படைவீரர்கள் பூட்டிவிட, குவேக்கரான வில்லியம் பென் தெருவிலேயே பேசிக் கைதானார். அவரைக் குற்றவாளி என்று சொல்ல மறுத்த ஜூரிகளின் வழக்கு ஆங்கிலச் சட்ட வரலாற்றில் இடம்பிடித்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 1682இல் பிரிஸ்டல் நகரில் நடந்தது. பெரியவர்களில் பெரும்பாலோர் சிறையில் அடைக்கப்பட்டபின், 16 வயது நிரம்பாததால் சட்டத்தின் பிடிக்குள் வராத சிறுவர் சிறுமியர் தாங்களே குறித்த நேரத்தில் வந்து அமர்ந்து கூடுகையை நடத்தினார்கள். அதிகாரிகள் அவர்களை அடித்தார்கள், விரட்டினார்கள். அவர்கள் மறுபடி வந்தார்கள். குறித்த நேரத்தில் வந்து பேசாமல் அமர்வது என்ற ஒன்று மட்டுமே வழிபாடாக இருந்ததால், மூப்பரும் போதகரும் நூலும் இல்லாமல் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாலும் அதைத் தொடர முடிந்தது. பெரியவர்கள் இல்லாத நாளில் பிள்ளைகள் கையிலும் நின்ற வழக்கம் அது.

1689இல் சகிப்புச் சட்டம் வந்தது. கூடுகைக்காகச் சிறைப்படுவது நின்றது; மௌனத்துக்கு அதைவிடக் கடினமான சோதனை ஒன்று ஆரம்பமானது. குவேக்கர் கடைக்காரர்கள் பேரம் பேசுவதில்லை. பொருளுக்கு ஒரே விலை சொல்வார்கள். கூட்டிச் சொல்லிக் குறைத்து விற்பது பொய்க்குச் சமம் என்பது அவர்கள் கருத்து. முதலில் இதனால் வாடிக்கை போயிற்று. பிறகு, சிறுபிள்ளையை அனுப்பினாலும் ஏமாற்ற மாட்டார்கள் என்று ஊர் அறிந்துகொண்டதும் கூட்டம் அவர்கள் கடைகளுக்கே வந்தது. ஃபாக்ஸ் தன் நாட்குறிப்பு நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். சத்தியப் பிரமாணம் செய்ய மறுத்ததாலும் அரசுச் சபையில் சேராததாலும் பல்கலைக்கழகங்களும் அரசுப் பதவிகளும் அடைபட்டிருந்தன. திறமை முழுவதும் வணிகத்திலும் தொழிலிலும் போய் இறங்கியது. 1709இல் கோல்புரூக்டேலில் நிலக்கரியைச் சுட்டுப் பெற்ற கற்கரியைக் கொண்டு இரும்பு உருக்கிய ஏப்ரஹாம் டார்பி குவேக்கர். 1765இல் பர்மிங்காமில் தொடங்கிய லாயிட்ஸ் வங்கியின் குடும்பமும், பார்க்ளேஸ் வங்கியின் முன்னோடிகளும் குவேக்கர்கள். இறைவனுக்கு உண்மையாக இருந்ததாலேயே வியாபாரம் பெருகியது. பெருகிய வியாபாரம் இறைவனுக்கென்று எடுத்து வைத்த நேரத்தையே கேட்டது. பக்தனைப் பரபரப்பில் தள்ளுவது பெரும்பாலும் அவனுடைய பாவமாக இருப்பதில்லை. நல்ல பெயரும் நம்பிக்கையும் பொறுப்பும் சேர்ந்துதான் அவன் நேரத்தைத் தின்கின்றன.

இதற்குச் சபை கண்டுபிடித்த மருந்து வியப்பானது. ஒவ்வொரு வட்டாரக் கூட்டமும் குறித்த காலத்தில் சில கேள்விகளுக்குப் பதில் எழுதி மேல்கூட்டத்துக்கு அனுப்ப வேண்டும். ஞாயிறும் வாரநாளும் கூடுகைக்கு ஒழுங்காக வருகிறார்களா? குறித்த நேரத்துக்கு வருகிறார்களா? கூடுகையில் தூங்குகிறார்களா? இவற்றோடு, இன்றைய வாசகருக்கு வழிபாட்டோடு தொடர்பில்லாதவையாகத் தோன்றக்கூடிய வேறு கேள்விகளும் உண்டு: தன்னால் நிர்வகிக்க முடிந்த அளவுக்கு மேல் யாராவது தொழிலை விரித்திருக்கிறார்களா? கடனைக் குறித்த நாளில் அடைக்கிறார்களா? கடன் கட்ட முடியாமல் திவாலானவரைச் சபை விசாரிக்கும். பொறுப்பில்லாமல் நடந்திருந்தால் நீக்கிவிடும். தூக்கத்தையும் தொழிலின் அளவையும் ஒரே பட்டியலில் வைத்துக் கேட்டதில் ஆழ்ந்த அறிவு இருக்கிறது. கூடுகையில் தூங்குகிறவர் பக்தி குறைந்தவர் என்பதைவிட, முந்தின இரவு கணக்குப் பார்த்துக் கண் விழித்தவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். அவரைத் தட்டி எழுப்புவதோடு நிறுத்தாமல், அவர் ஏன் அவ்வளவு சுமக்கிறார் என்று சபை கேட்டது. இந்தக் கேள்வியைக் கேட்கிற சபையை இன்று எங்கே காண முடியும்? ஜெபிக்க நேரமில்லை என்று சொல்பவரிடம் ஜெபத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். இரண்டாவது கிளை எதற்குத் திறந்தீர்கள் என்று கேட்கத் துணிவதில்லை.

அந்தக் கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுச் செயல்பட்டவர் அமெரிக்கக் குவேக்கர் ஜான் உல்மன். 1720இல் நியூ ஜெர்சியில் பிறந்த இவர், மவுண்ட் ஹோலியில் கடைச் சிப்பந்தியாகத் தொடங்கி, தையலும் பழகி, சொந்தக் கடை வைத்தார். கடை வளர்ந்தது. மக்களுக்குத் தேவையான பொருள்களோடு அவர்கள் கடன்பட்டு வாங்கும் ஆடம்பரப் பொருள்களும் விற்க வேண்டி வந்தது. மனம் சிதறுவதை உணர்ந்தார். 1756இல், நன்றாக நடந்துகொண்டிருந்த வியாபாரத்தைத் தானே கைவிட்டு, வாடிக்கையாளர்களை வேறு கடைகளுக்குப் போகச் சொல்லிவிட்டு, தையலோடும் கொஞ்சம் பழத்தோட்ட வேலையோடும் நின்றுகொண்டார். நொடித்துப்போய் ஒதுங்கிய மனிதர் இல்லை இவர். ஏறுமுகத்தில் இருந்தபோது இறங்கியவர். அப்படி மீட்ட நேரத்தை அவர் எதற்குச் செலவழித்தார் என்பது முக்கியம். அதற்கு முன்பே, இளைஞராக இருந்தபோது, முதலாளி ஒரு கறுப்பினப் பெண்ணை விற்று, விற்பனைப் பத்திரம் எழுதச் சொன்னார். மனம் உறுத்தியபடியே உல்மன் எழுதிவிட்டார். அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவத்துக்குப் பொருந்தாது என்று அப்போதே வாய்விட்டுச் சொன்னார். அடுத்தவர் வந்து கேட்டபோது எழுத மறுத்தார். அந்த உறுத்தல்தான் தனக்குக் கேட்ட இறைவனின் குரல் என்று அவர் நம்பினார். மீட்ட நேரத்தில் தெற்கு மாகாணங்கள் வழியாகப் பயணம் போய், அடிமைகள் வைத்திருந்த குவேக்கர்களின் வீடுகளில் தங்கி, தனக்குப் பணிவிடை செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுத்து, வீட்டுக்காரரோடு தனியாக அமர்ந்து பொறுமையாகப் பேசினார்.

இந்த இடத்தில் எழும் முதல் எதிர்ப்பு நியாயமானது. மௌனத்தில் கேட்பது கடவுளின் குரல்தான் என்று யார் சொல்வது? தன் ஆசையையும் அச்சத்தையும் வேறு குரலில் கேட்டுவிட்டு இறைவன் சொன்னார் என்று நம்புவது மனிதருக்கு எளிது. குவேக்கர்கள் இந்த ஆபத்தைத் தொடக்கத்திலேயே பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள். ஃபாக்ஸுக்கு அடுத்த நிலையில் வைத்துப் போற்றப்பட்ட ஜேம்ஸ் நெய்லர், 1656 அக்டோபரில், கிறிஸ்து எருசலேமுக்குள் நுழைந்ததைப் போலப் பிரிஸ்டல் நகருக்குள் குதிரையில் நுழைந்தார். உடன் வந்தவர்கள் புகழ்பாடி வந்தனர். நாடாளுமன்றமே அவரை விசாரித்தது. சாட்டையால் அடித்து, நெற்றியில் சூடு போட்டு, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் நாக்கைத் துளைத்தார்கள். தண்டனை கொடூரமானது, ஆனால் தவறு நேர்ந்ததைச் சபையும் மறுக்கவில்லை, நெய்லரும் பின்னாளில் மறுக்கவில்லை. 1660களின் பிற்பகுதியில் ஃபாக்ஸ் வட்டாரச் சபைகளின் மாதக் கூட்டங்களை ஒழுங்குபடுத்தியதற்கு இந்தப் பாடமும் ஒரு காரணம். அன்றிலிருந்து, தனக்கு இறைவன் இட்ட பணி என்று ஒருவர் நம்புவதைப் பிறர் முன் வைக்க வேண்டும். அவர்களும் அதோடு மௌனத்தில் அமர்வார்கள். பயணம் போக அழைப்பு வந்தது என்று உல்மன் சொன்னபோதும் மாதக் கூட்டத்தின் சம்மதக் கடிதத்தோடுதான் கிளம்பினார். சபைக் காரியங்களில் வாக்கெடுப்பு கிடையாது. எல்லோருடைய மனமும் ஒரே பக்கம் சாயும்வரை காத்திருந்து, அதை எழுத்தர் எழுதிக் காட்டுவார். மெதுவான முறைதான். தன் குரலைக் கடவுளின் குரலாகக் கொள்ளும் மயக்கத்துக்கு இதைவிடச் சிறந்த காப்பு எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது எதிர்ப்புதான் கடினமானது. அதை மழுப்பக் கூடாது. இத்தனை மௌனத்தில் அமர்ந்தவர்கள் அடிமைகளின் அழுகையை ஏன் இவ்வளவு காலம் கேட்கவில்லை? பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னே அடிமைகளை வைத்திருந்தார். 1688இல் அங்குள்ள ஜெர்மன்டவுனைச் சேர்ந்த நான்கு பேர், மனிதரை விற்பதும் வாங்குவதும் தவறு என்று கையெழுத்திட்டு மனு கொடுத்தார்கள். கீழ்க்கூட்டம் பெரிய விஷயம் என்று மேல்கூட்டத்துக்கு அனுப்பியது. எல்லாவற்றுக்கும் மேலான ஆண்டுக் கூட்டமும் முடிவெடுக்காமல் ஒதுக்கி வைத்தது. பெஞ்சமின் லே, நான்கடி உயரமே இருந்த முதுகு வளைந்த மனிதர், 1738இல் பர்லிங்டனில் நடந்த ஆண்டுக் கூட்டத்துக்கு உள்ளே படைச்சட்டை அணிந்து, மேலங்கியால் மூடிக்கொண்டு வந்தார். எழுந்து அங்கியை உதறி, வாளை உருவி, கையிலிருந்த புத்தகத்தைக் குத்தினார். அதற்குள் ஒளித்து வைத்திருந்த பையிலிருந்து சிவந்த பழச்சாறு அருகில் அமர்ந்திருந்தவர்கள் மேல் தெறித்தது. அடிமை வைத்திருப்பது இதுதான் என்றார். அவரைத் தூக்கி வெளியே போட்டார்கள். அந்த ஆண்டே சபையிலிருந்து நீக்கினார்கள். மௌனத்தைக் குலைத்தார் என்பது புகாராக இருக்கலாம். உண்மையில் குலைந்தது அடிமைகளை வைத்திருந்த செல்வந்த மூப்பர்களின் நிம்மதி. பேசாதிருப்பது கேட்பதற்கு வழி செய்வதுபோலவே, கேட்க விரும்பாததை அடைக்கவும் பயன்படும். மூப்பர்களுக்கான முன்வரிசைப் பெஞ்சில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே எந்தச் சொல் இறைவனின் சொல்லாக ஏற்கப்படும் என்பதும் அமைந்துவிடுகிறது. அடிமைகளாக்கப்பட்டவர்களில் ஒருவருக்கும் அந்தப் பெஞ்சில் இடமிருக்கவில்லை.

ஆனாலும் இந்த எதிர்ப்பிலிருந்து மௌனம் பயனற்றது என்ற முடிவுக்குப் போக வரலாறு இடம் தரவில்லை. 1758இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் கூடியபோது, பேச்சு நெடுநேரம் ஓடியது. இப்போது முடிவு வேண்டாம், காலம் கனியட்டும் என்று பலர் சொன்னார்கள். உல்மன் எழுந்து, ஒடுக்கப்பட்டவர்களின் கூக்குரல் இறைவனின் செவியை எட்டிவிட்டது, சிலருடைய நட்பையும் வசதியையும் பார்த்து இனித் தாமதிக்க முடியாது என்ற பொருளில் பேசினார். அடிமைகளை வாங்குவோரையும் விற்போரையும் சபைக் காரியங்களிலிருந்து விலக்கவும், அடிமை வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் நேரில் போய்ச் சந்திக்கவும் அன்று முடிவானது. சந்திக்கப் போனவர்களில் உல்மனும் ஒருவர். 1776இல் அடிமைகளை விடுவிக்க மறுப்பவர் சபை உறுப்பினராக இருக்க முடியாது என்று அதே ஆண்டுக் கூட்டம் விதித்தது. 1787இல் லண்டனில் அடிமை வணிகத்தை ஒழிக்க அமைந்த குழுவின் 12 நிறுவனர்களில் 9 பேர் குவேக்கர்கள். ஜெர்மன்டவுன் மனுவிலிருந்து 1776 வரை 88 ஆண்டுகள். வெட்கப்பட வேண்டிய நீண்ட காலம் அது. லேயைப் போன்றவர்கள் உறக்கத்தைக் கலைத்திராவிட்டால் இன்னும் நீண்டிருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தக் காலத்தில், தன் செல்வந்த உறுப்பினர்களின் சொத்தில் கைவைத்து ஒட்டுமொத்தமாக இந்தப் பாவத்திலிருந்து விலகிய வேறு கிறிஸ்தவச் சபையைக் காட்டுவது கடினம். விலகச் செய்தது, தன் கடையைச் சுருக்கி நேரத்தை மீட்டு வைத்திருந்த ஒரு தையல்காரரின் சொல்லும், அச்சொல்லை வாக்கெண்ணிக்கையில் தோற்கடித்துவிட முடியாத ஒரு கூட்டமுறையும்.

வசதி உள்ளவருக்குத்தான் இதெல்லாம் முடியும் என்பார்கள். தொடக்ககாலக் குவேக்கர்களில் பெரும்பாலோர் கைத்தொழிலாளர், சிறு குடியானவர், சில்லறை வணிகர் என்பதைப் பார்த்தோம். அபராதத்துக்காகத் தறியையும் மாட்டையும் ஜப்தி செய்து கொண்டுபோன நாளிலும் அவர்கள் கூடினார்கள். வசதி உள்ளவர்களுக்கு இது எளிதாகவும் இல்லை. நார்விச் நகர வங்கிக் குடும்பத்தில் 1780இல் பிறந்த எலிசபெத் ஃப்ரை, 11 பிள்ளைகளைப் பெற்றவர். விருந்தினரும் உறவினரும் ஓயாத வீடு. 1813இல் லண்டன் நியூகேட் சிறைக்குப் போய்ப் பெண் கைதிகளும் அவர்களுடைய குழந்தைகளும் கிடந்த நிலையைக் கண்டவர், 1817இல் அவர்களுக்காக ஒரு சங்கமே அமைத்தார். சிறைச் சீர்திருத்தத்துக்காக ஐரோப்பிய நாடுகளில் சுற்றினார். அவருடைய நாட்குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருவது, வீட்டுக்கும் பணிக்கும் நடுவே மனம் சிதறுகிறதே என்ற கவலைதான். அந்தப் பெண்மணிக்கும் நேரம் கிடைக்கவில்லை. கூடுகை நேரம் மட்டும் அவர் தேடாமலே வாரந்தோறும் வந்து நின்றது. நேரத்தை ஏற்படுத்தும் சுமையைத் தனி மனிதரிடமிருந்து எடுத்துவிடுவதன் அருமை, பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்குத்தான் நன்றாகப் புரியும்.

19ஆம் நூற்றாண்டில் ஏற்பாடு தளர்ந்தது. குடும்பக் கடைகள் பெருநிறுவனங்களாயின. தொழிலின் அளவைச் சபை கேட்பது மெல்லப் பழைய வழக்கமாகிப் போனது. வாரநாள் கூடுகைக்கு வருவோர் குறைந்தனர். குவேக்கர் குடும்பப் பெயர் தாங்கிய ஓவரெண்ட் கர்னி நிறுவனம் 1866 மே மாதத்தில் பெருங்கடனோடு விழுந்து லண்டன் நிதிச் சந்தையையே உலுக்கியது. சக்திக்கு மீறித் தொழிலை விரிக்காதே என்ற பழைய கேள்வி எதற்காக இருந்தது என்பதை அந்த வீழ்ச்சி காட்டியது. அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் பல சபைகள் போதகர்களை வைத்துக்கொண்டு பாடலுக்கும் பிரசங்கத்துக்கும் மாறின. அந்த மரபிலிருந்து 1902இல் கென்யாவின் கைமோசிக்குப் போன பணியால், இன்று உலகிலேயே அதிகக் குவேக்கர்கள் உள்ள நாடு கென்யா. அவர்கள் வழிபாட்டில் பாட்டும் பிரசங்கமும் நிறைந்திருக்கின்றன. அதைக் குறைவாகப் பேச எனக்கு விருப்பமில்லை. பாடலிலும் இறைவன் பேசுவார். பழைய மௌனக் கூடுகைகளில் சில, கேட்பதை மறந்து உட்கார்வதை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருந்ததால்தான் இந்த மாற்றமே வந்தது என்பதும் உண்மை.

இந்த மரபு நம் பக்கத்துக்கும் வந்திருக்கிறது. யார்க்ஷைரில் பிறந்து 1928இல் சென்னை பென்டிங்க் பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்த மார்ஜரி சைக்ஸ், இங்கே இருந்த ஆண்டுகளில் குவேக்கர் சபையில் சேர்ந்தார். தாகூரோடும் காந்தியோடும் கல்விப் பணி செய்து, பின்னாளில் நீலகிரியின் கோத்தகிரியில் வாழ்ந்தார். தேசத்தின் மிகப் பெரிய வேலைச் சுமையைத் தாங்கிய காந்தியே திங்கட்கிழமைகளில் பேசாதிருந்தார். 1931இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனபோது, பர்மிங்காமில் குவேக்கர்களின் உட்புரூக் இல்லத்திலும் தங்கினார். அவருடைய திங்கட்கிழமை நிலைத்ததற்குக் காரணம், ஆசிரமத்தாரும் தலைவர்களும் வைஸ்ராயின் அதிகாரிகளும் அன்று அவர் பேச மாட்டார் என்று அறிந்து, அதற்கேற்பத் தங்கள் வேலையை அமைத்துக்கொண்டதே.

நம் சபைகளும் ஜெபக் குழுக்களும் இதைச் செய்து பார்க்கலாம். வாரத்தின் நடுவில், வேலை ஓடும் ஒரு பகல் வேளையில், ஒரு மணி நேரத்தைப் பொதுவாகக் குறியுங்கள். பாட்டும் செய்தியும் வேண்டாம். வந்து அமர்ந்தால் போதும். வராதவரைக் கடிந்துகொள்ளாதீர்கள், அவருடைய வேலையின் அளவு என்ன, அதில் எதைக் குறைக்கலாம், அதற்கு நாம் என்ன உதவலாம் என்று கேளுங்கள். அமர்ந்திருப்பவர்களில் எளியவர் ஒருவர் எழுந்து நமக்குப் பிடிக்காத ஒன்றைச் சொன்னால், அவரை உட்காரச் சொல்வதற்கு முன் இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள்.